சிட்னி ஹோபார்ட் படகுப் போட்டி: அஞ்சு நிமிஷத்துல தலைகீழா மாறுற காத்தை எப்படிச் சமாளிக்கிறது?

கோட்டையூர் பையன்:

வணக்கம். எனக்கு கோட்டையூர், எட்டு வருஷமா சிட்னியில வேலை. அப்பச்சிக்கு சாந்திக் கல்யாணம்னு ஒரு மாசம் லீவு போட்டு இப்ப ஊர்லதான் இருக்கேன். இங்க கப்பல்ல வேலை பாத்தவங்க, தொண்டிப் பக்கத்து ஆளுங்க, வெளிநாட்டுல பாய்மரப் படகு ஓட்டுறவங்க எல்லாரும் இருக்கீங்கன்னு தெரியும், நம்ம பாஷையில கேட்டு நம்ம பாஷையில பதில் வந்தாதான் எனக்கு மனசுல நிக்கும்னு இங்கயே கேக்குறேன்.

டிசம்பர் 26 மத்தியானம் 1 மணிக்கு சிட்னி துறைமுகத்துல கிளம்புற சிட்னி ஹோபார்ட் போட்டியில ஒரு 40 அடி படகுல எனக்கு இடம் கெடச்சிருக்கு. 628 கடல் மைல், கரையை ஒட்டித் தெக்க போய் பாஸ் ஜலசந்தியைத் தாண்டி டாஸ்மேனியாவுல இருக்கிற ஹோபார்ட். துறைமுகத்துக்குள்ள நாலு வருஷமா ஓட்டிருக்கேன், பாயோட கயித்தை இழுத்து விட்டு சரி பண்ற வேலை என்னோடது. வெளிக்கடல்னா இது வரைக்கும் ஒரே ஒரு பயிற்சி ஓட்டம்தான். அதுலதான் பிரச்சினை.

அன்னைக்கு காலையில சிட்னியில கிளம்பித் தெக்க போனோம். வடகெழக்குக் காத்து 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்), பின்காத்துக்கு விரிக்கிற பெரிய ஸ்பின்னேக்கர் பாய் விரிச்சு சுகமா ஓடுது. ராத்திரி 9 மணிக்குத்தான் தெக்கத்திக் காத்து வரும்னு போன்ல இருந்த ஆப் சொன்னுச்சு. சாயங்காலம் 7 மணி கூட ஆகல, காத்து திடீர்னு செத்துப்போச்சு, பாய் தொங்குது, சூடா ஒரு புழுக்கம், ரெண்டு நிமிஷம் யாரும் ஒண்ணும் பேசல. அப்புறம் தெக்க இருந்து வந்து அறைஞ்சது பாருங்க, 35 நாட்டுக்கு மேல. படகு பக்கவாட்டுல படுத்துருச்சு, பாய் தண்ணிக்குள்ள, எல்லாரும் கத்துறாங்க. என் கையில ஸ்பின்னேக்கர் கயிறு. விடுன்னு கத்துறது காதுல கேக்குது, கை விடல. கயிறு தானா உருவிக்கிட்டு ஓடுச்சு, உள்ளங்கைத் தோலையும் சேத்து. மூணு வாரம் ஆச்சு, இன்னும் ரசம் சாதம் பிசையும்போது எரியுது. பாய் ரெண்டாக் கிழிஞ்சு, அதைத் தண்ணியில இருந்து எடுத்து சரி பண்ணவே முக்கா மணி நேரம் போச்சு.

கடல் எனக்குப் பயம் இல்ல. அந்த நேரத்துல என் கை என் பேச்சைக் கேக்கலையேங்கிறதுதான் ராத்திரி தூங்கவிடாம பண்ணுது. காத்து மாறப்போறது முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சுக்கிறது, ஆப் ஏன் ரெண்டு மணி நேரம் தப்பாச் சொன்னுச்சு, எந்தப் புள்ளியில பாயை எறக்கணும், அதை யாரு முடிவு பண்ணணும், அடிச்சதுக்கு அப்புறம் முதல்ல எந்த வேலை? அனுபவம் இருக்கிறவங்க விவரமாச் சொல்லுங்க.

---

தேவகோட்டை டூ மெல்போர்ன்:

தம்பி, நான் நாலு தடவை ஹோபார்ட் போயிருக்கேன், அதுல ஒரு தடவை பாதியில ஈடன் துறைமுகத்துக்குள்ள ஒதுங்கிட்டோம். உங்க கேள்வியிலயே பாதி பதில் இருக்கு.

ஆப் தப்பாச் சொல்லல. அது சிட்னிக்குச் சொன்ன நேரம், நீங்க சிட்னியில இல்ல. அந்தத் தெக்கத்திக் காத்து கரையை ஒட்டித் தெக்க இருந்து வடக்க ஏறி வரும். காலையில கிளம்புனீங்கன்னா சாயங்காலம் ஒரு 40, 50 மைல் தெக்க இருந்திருப்பீங்க. அது மணிக்கு 20, 25 மைல் வேகத்துல வருதுன்னு வச்சுக்குங்க, 9 மணிக்கு சிட்னிக்கு வரவேண்டியது உங்க படகுக்கு 7 மணிக்கே வந்துரும். காத்து நம்மளை நோக்கி வருது, நம்மளும் அதை நோக்கிப் போறோம். அது 25, நாம 10, ரெண்டையும் கூட்டி 35. எழுபது மைல் தள்ளி இருக்குன்னா ரெண்டே மணி நேரம். இந்தக் கணக்கைப் படகுல ஒரு ஆளு வேலையா வச்சு மணிக்கு ஒரு தடவை போடணும், எங்க படகுல அது நேவிகேட்டர் வேலை.

அதுக்கு ஆப்பைவிட நல்லது கரையோர நிலையங்கள்ல அந்த நேரத்துல அடிக்கிற காத்தைப் பாக்குறது. தெக்க இருந்து வரிசையா கேபோ தீவு, கிரீன் கேப், மாண்டேகு தீவு, உல்லாடுல்லா. கேபோவுல காத்து தெக்குக்குத் திரும்பிருச்சான்னு பாருங்க, எத்தனை மணிக்குத் திரும்புச்சுன்னு எழுதி வைங்க, அப்புறம் மாண்டேகுல எத்தனை மணிக்கு. நடுவுல இருக்கிற தூரத்தை அந்த நேரத்தால வகுத்தா அது ஓடி வர்ற வேகம் கெடச்சிரும். ஆப்ல காட்டுற ஜிஎஃப்எஸ் மாதிரி கணினி முன்னறிவிப்பெல்லாம் ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கத்தான் புதுசாகும், ஒவ்வொரு கட்டமும் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். மூணு நாளைக்கு அப்புறம் எப்படி இருக்கும்னு திட்டம் போட அது போதும். மெல்லிசா ஒரு கோடு மாதிரி ஓடி வர்ற காத்து மாத்தம், தனியா ஒரு மேகத்துக்கடியில அடிக்கிற சூறை, இதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள்ள மாட்டாது. இன்னொண்ணு, வானிலை அறிக்கையில சொல்றது சராசரிக் காத்து. வீசி அடிக்கும்போது அதைவிட 40 சதவீதம் கூட இருக்கலாம்னும், பெரிய அலை சொன்ன உயரத்துல ரெண்டு மடங்கு வரைக்கும் வரலாம்னும் ஆஸ்திரேலிய வானிலைத் துறையே ஒவ்வொரு எச்சரிக்கையிலயும் போடுது. 25ன்னு போட்டா நான் 35க்குத் தயாராவேன்.

எப்ப எறக்குறதுன்னு கேட்டீங்க. காத்து செத்துச்சுன்னு சொன்னீங்கள்ல, அந்த ரெண்டு நிமிஷம்தான் கடைசி வாய்ப்பு, அதையும் நம்பக்கூடாது, சில நேரம் அந்த அமைதியே இல்லாம நேரா வந்து அடிக்கும். நாங்க முன்னாடியே பேசி வச்சுக்குவோம்: கணக்குப்படி முக்கா மணி நேரம் இருக்கும்போது எல்லாரையும் எழுப்புறது, அரை மணி நேரம் இருக்கும்போது சாப்பாடு, மழைச்சட்டை, படகோட நம்மளைக் கட்டி வைக்கிற ஹார்னஸ், கால் மணி நேரம் இருக்கும்போது ஸ்பின்னேக்கர் கீழ. தெக்க வானத்துல கரும்பட்டையா உருண்டு வர்ற மேகம் தெரிஞ்சா கணக்கை எல்லாம் விட்டுட்டு உடனே கீழ. கால் மணி நேரம் முன்னாடி எறக்கிட்டா போட்டி போயிரும்னு இளவட்டங்க சண்டைக்கு வருவாங்க. கணக்குப் பாருங்க: ஸ்பின்னேக்கரோட 10 நாட், சின்னப் பாயோட 7 நாட், கால் மணி நேரத்துல நட்டம் முக்கா மைல். உங்களுக்கு பாய் கிழிஞ்சு முக்கா மணி நேரம் போச்சே, அதுல எத்தனை மைல் போயிருக்கும், பாயோட விலையைச் சேக்காம?

காத்தோட பலம் வேகத்தோட வர்க்கமா ஏறும், இதை மண்டையில ஏத்திக்குங்க. 15 நாட் 30 ஆனா ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. அதனாலதான் மெயின் பாயில ரீஃப் போடுறது, அதாவது கீழ்ப்பக்கம் மடிச்சுக் கட்டிச் சின்னதாக்குறது, காத்து வந்ததுக்கு அப்புறம் அவ்வளவு கஷ்டம். 15 நாட்ல மூணு பேரு ரெண்டு நிமிஷத்துல முடிக்கிற வேலை 35ல அஞ்சு பேருக்குப் பத்து நிமிஷம், அதுலயும் ஒருத்தன் பாய்மரத்தடியில வாந்தி எடுத்துக்கிட்டு நிப்பான். ரீஃப் போடலாமான்னு ஒருத்தர் மனசுல தோணிருச்சுன்னாலே போட்டுரணும், நாங்க அதுக்கு வோட்டெடுப்பு நடத்துறதில்ல.

யாரு முடிவு பண்றது? ஸ்கிப்பர், அதாவது படகுத் தலைவர். ஆனா எங்க படகுல கடைக்குட்டிப் பையன் கூட "எறக்கு"ன்னு சொல்லலாம், சொன்னா எறக்கிட்டுத்தான் ஏன்னு கேப்போம். "ஏத்து"ன்னு சொல்றது மட்டும் ஸ்கிப்பர் வாயில இருந்து வரணும். கிளம்புறதுக்கு முன்னாடி உங்க ஸ்கிப்பர்கிட்ட இதைப் பேசிக்குங்க, படகுல ஏறுனதுக்கு அப்புறம் பேச நேரம் இருக்காது.

அடிச்சதுக்கு அப்புறம் முதல் வேலை கயித்தை விடுறது. இழுக்குறது இல்ல, விடுறது. மெயின்ஷீட்டை, அதாவது மெயின் பாயைப் பிடிச்சிருக்கிற கயித்தை, தளத்தி விட்டா படகு நிமுந்துரும், நிமுந்ததுக்கு அப்புறம் மத்தது. தலையைக் குனிஞ்சே வைங்க. 2024 போட்டியில ரெண்டு பேரு இறந்தாங்க, ரெண்டு வேற வேற படகு, முதல் ராத்திரியே. ரெண்டுமே படகுக்குள்ள பூம் (மெயின் பாயோட அடிக்கட்டை), மெயின்ஷீட் பக்கம் நடந்த அடி. கடல்ல விழுறதுக்குத்தான் எல்லாரும் பயப்படுறோம், தலைக்கு மேல ஓடுற கட்டையும் கயிறும் அதுக்குச் சளைச்சதில்ல.

இன்னொரு விஷயம், தெக்கத்திக் காத்து வந்ததுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரத்துலதான் கடல் கெட்டுப்போகும். அங்க கரையோரமா வடக்க இருந்து தெக்க ஒரு பெரிய நீரோட்டம் ஓடுது, சில இடத்துல 3, 4 நாட் கூட. நமக்கு அது இனாமாக் கெடைக்கிற வேகம். ஆனா காத்து தெக்க இருந்து அடிச்சா நீரோட்டமும் காத்தும் மோதிக்கிட்டு அலை உயரமா, செங்குத்தா, நெருக்கமா எந்திரிக்கும், பின்னாடி பள்ளம், படகு அதுல தொபுக்குன்னு விழும். படகு உடையிறது பெரும்பாலும் அங்கதான். அப்ப நீரோட்டத்தை விட்டு விலகிக் கரைப்பக்கம் போறதா, வேகத்தைக் குறைச்சுக்கிட்டுப் போறதான்னு யோசிக்கணும். சுக்கான் பிடிக்கிறவர் ஒவ்வொரு அலையையும் பாத்து ஏத்தி எறக்கணும், அரை மணிக்கு மேல ஒருத்தரே பிடிச்சா கவனம் போயிரும், மாத்திக்கிட்டே இருங்க.

---

தொண்டி கரை:

அண்ணே நமக்கு யாட் எல்லாம் தெரியாது, நம்ம வீடு தொண்டி, அப்பா வத்தையில பாய் வச்சுத் தொழிலுக்குப் போனவரு, நான் இப்ப காரைக்குடியில மொபைல் கடை. எங்க பக்கம் கோயில் திருவிழா சமயத்துல பாய்மரப் படகுப் போட்டி நடக்கும், சின்னப் பையனா இருந்தப்ப அப்பாவோட ரெண்டு தடவை ஏறிருக்கேன், அதனால சொல்றேன்.

ஆப்பும் பாக்கணும், தண்ணியையும் பாக்கணும். காத்து வர்றதுக்கு முன்னாடி தண்ணி கறுத்துரும். தூரத்துல பளபளன்னு இருக்கிற கடல்ல ஒரு இடம் மட்டும் கறுப்பா, சொரசொரன்னு, மேல எண்ணெய் இல்லாத தோசைக்கல்லு மாதிரி தெரியும், அது நகந்து வரும். அது வர்ற வேகத்தைப் பாத்து அப்பா எண்ணுவாரு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு வாய்விட்டு, எண்ணி முடிக்கிறப்ப காத்து முகத்துல அறையும். அவரு எண்ண ஆரம்பிச்சா ஒவ்வொருத்தருக்கும் என்ன வேலைன்னு தெரியும், பேச்சே இருக்காது. பலகையில இருக்கிறவன் காத்துப் பக்கம் வெளிய சாய்வான், ஒருத்தன் பாய்க்கயித்தைக் கையில எடுத்துருவான், பாரத்துக்கு வச்சிருக்கிற மணல் மூட்டையைக் காத்துப் பக்கம் தள்ளுவாங்க.

இன்னொண்ணு கயிறைப் பத்தி. அப்பா கையில கயித்தை ஒருநாளும் சுத்திப் பிடிக்க விடமாட்டாரு. விரலை மடக்கி கொக்கி மாதிரி பிடி, விரலைத் திறந்தா போயிரணும்பாரு. பயந்தா கை தானா மூடும், அது எல்லாருக்கும் அப்படித்தான், திறக்கிறதைத்தான் பழகணும். நீங்க ஊர்ல இருக்கீங்கன்னா ஒருநாள் தொண்டி வாங்க, பாய் வச்ச வத்தை இன்னும் ஒண்ணு ரெண்டு ஓடுது, காட்டுறேன்.

கச்சான் காத்து காலத்துல மேக்க இடி மேகம் கட்டுச்சுன்னா சாயங்காலம் கரையில இருந்து சூறை அடிக்கும், அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. அப்ப எல்லாம் அப்பா பாயைச் சுருட்டிட்டு நங்கூரம் போட்டு உக்காந்துருவாரு, எங்க ஆழம் கம்மி. உங்க கடல்ல அது முடியாதுன்னு நெனைக்கிறேன்.

---

பள்ளத்தூர் கேப்டன்:

தம்பி, 34 வருஷம் சரக்குக் கப்பல்ல இருந்துட்டு இப்ப ஊரோட வந்துட்டேன். மெல்போர்ன்காரர் விவரமா எழுதிட்டாரு, நான் பாரோமீட்டர் பத்தி மட்டும் சொல்றேன், இப்பத்த பிள்ளைங்க அதைச் சுவத்துல மாட்டுற அலங்காரச் சாமான்னு நெனைக்குதுங்க.

போன் சிக்னல் கரையை விட்டா போயிரும், சாட்டிலைட்டும் மழையில சண்டித்தனம் பண்ணும், பாரோமீட்டர் ஒருநாளும் பண்ணாது. மணிக்கு ஒரு தடவை பாத்து நோட்டுல எழுதணும், பாத்தா மட்டும் போதாது, எழுதணும். நீங்க போற தெக்கு அட்சரேகையில காத்தழுத்தம் மணிக்கு 1 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல தொடர்ந்து மூணு மணி நேரம் எறங்குச்சுன்னா ஏதோ வருதுன்னு அர்த்தம். எறங்குறது நின்னு முள்ளு சட்டுன்னு ஏற ஆரம்பிச்சா மாத்தம் தலைக்கு மேல வந்துருச்சு. அங்க குளிர்காத்து முகப்பு வர்றதுக்கு முன்னாடி வடக்கு இல்ல வடமேக்குக் காத்து இருக்கும், தாண்டுனதும் தென்மேக்கு இல்ல தெக்கு. திசை எப்படித் திரும்பும்னு முன்னாடியே தெரியுங்கிறதால அடுத்து எந்தப் பக்கம் பாய் இருக்கணும்னும் முன்னாடியே முடிவு பண்ணிறலாம்.

தாழ்வழுத்தம் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியணும்னா காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. நம்ம வங்காள விரிகுடாவுல அது இடதுகைப் பக்கம், ஆஸ்திரேலியாவுல வலதுகைப் பக்கம். 1857-ல பைஸ் பாலட்னு ஒரு டச்சு விஞ்ஞானி எழுதி வச்சது, நான் கடைசி வாயேஜ் வரைக்கும் பயன்படுத்துனேன். நீங்க இங்க பழகிட்டு அங்க போறீங்க, கை மாறிரும், ஜாக்கிரதை.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறுச்சே, புயலோட கண்ணு தாண்டுற இடத்துல என்ன ஆகும்? பேய்க்காத்து, அப்புறம் சட்டுன்னு அமைதி, புயல் முடிஞ்சுச்சுன்னு ஆளுங்க வெளிய வந்து பாப்பாங்க, அப்புறம் எதிர்த்திசையில இருந்து அடி. உங்களுக்கு ஸ்பின்னேக்கர் தொங்குன அந்த ரெண்டு நிமிஷம் காரணத்துல வேற, ஆனா அமைதியை நம்பி நிக்கக்கூடாதுங்கிறது ரெண்டுக்கும் ஒண்ணுதான். கப்பல்ல 15 நாட் வேகத்துல புயலை விட்டு ஒதுங்கிப் போயிருக்கேன். 40 அடிப் படகால ஒதுங்க முடியாது, அதுக்குப் பதிலா உங்களுக்கு இருக்கிறது நேரம் மட்டும்தான்.

கோட்டையூர்னு சொல்றீங்க, ரங்கூன், பினாங்குன்னு கொண்டுவிக்கப் போன வீடா இருந்தா முகப்புலயோ வளவுலயோ பழைய பித்தளை பாரோமீட்டர் ஒண்ணு தொங்கும், பாருங்க. ஓடுச்சுன்னா இங்கயே பழகலாம். நம்ம பக்கம் காத்தழுத்தம் தினம் ரெண்டு தடவை ஏறி எறங்கும், காலையில 10 மணி சுமாருக்கு உச்சம், சாயங்காலம் 4 மணிக்குக் கீழ, மறுபடி ராத்திரி 10க்கு உச்சம், விடியக்காலை 4க்குக் கீழ. பகல்ல வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் பக்கம், பழைய முகத்துல அங்குலம் போட்டிருந்தா ஒரு அங்குலத்துல பத்துல ஒரு பங்கை ஒட்டி. 4 மணிக்கு எறங்குனா பயப்படாதீங்க, காலை 10க்கு ஏறாம இருந்தா பயப்படுங்க. அந்த தினசரி ஏத்த எறக்கம் கண்ணுக்குப் பழகிருச்சுன்னா அதுக்கு மீறி முள்ளு நகந்தா உங்களுக்கே உறுத்தும்.

---

கோட்டையூர் பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மெல்போர்ன் அண்ணே, சிட்னி நேரம்னு சொன்னீங்களே, அதைப் படிச்சதும் அப்படியே உக்காந்துட்டேன். அன்னைக்கு நாங்க ஒம்போது பேரு இருந்தோம், ஒருத்தருக்கும் அது தோணல.

ஒரு சங்கடம். ஆத்தா நேத்து யாரோ அனுப்புனாங்கன்னு 1998 போட்டி பத்திப் படிச்சுட்டாங்க. சாந்தி வேலையெல்லாம் அப்படியே கெடக்கு, பேசவே மாட்டேங்கிறாங்க. அவுங்ககிட்ட என்ன சொல்றது?

---

தேவகோட்டை டூ மெல்போர்ன்:

உண்மையைச் சொல்லுங்க தம்பி. 1998-ல 115 படகு கிளம்புச்சு, 44தான் ஹோபார்ட் போய்ச் சேந்துச்சு. அஞ்சு படகு மூழ்குச்சு, ஆறு பேரு இறந்தாங்க, 55 பேரை ஹெலிகாப்டர்லயும் கப்பல்லயும் மீட்டாங்க. டிசம்பர் 27 பாஸ் ஜலசந்திக்குள்ள ஒரு தாழ்வழுத்தம் வேகமாப் பலமாயிருச்சு. ஜலசந்தி ஆழம் கம்மி, 50, 60 மீட்டர்தான், அலை அங்க வந்து நிமுந்து நிக்கும். மறைச்சா ஆச்சி தானாத் தேடி இன்னும் மோசமாப் படிப்பாங்க.

அதுக்கு அப்புறம் என்ன மாறுச்சுன்னும் சேத்துச் சொல்லுங்க. ஜலசந்திக்குள்ள நுழையிறதுக்கு முன்னாடி கிரீன் கேப் பக்கம் ஒவ்வொரு படகும் ரேடியோவுல, படகும் ஆளுங்களும் நல்லா இருக்கோம், போறோம்னு சொல்லணும், அது கட்டாயம். அதைச் சும்மா சடங்குக்குச் சொல்றதில்ல. நாங்க ஈடன்ல ஒதுங்குனோம்னு சொன்னேனே, அந்தக் கேள்விக்கு எங்க ஸ்கிப்பர் அரை நிமிஷம் பதில் சொல்லல. ரெண்டு பேருக்கு வாந்தி நிக்கல, ஒரு கம்பியில விரிசல். ரேடியோவைக் கீழ வச்சுட்டு சுக்கானைத் திருப்புங்கன்னாரு. ஒரு வருஷ உழைப்பு, ஒருத்தரும் எதுத்துப் பேசல. மறுநாள் ஜலசந்தியில அடிச்சதைப் பாத்தப்ப அவரு கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

அதே 1998-ல மொத்தத்துல ஜெயிச்சது மிட்நைட் ராம்ப்ளர்னு ஒரு 35 அடிப் படகு, சின்னப் படகுதான். அதையும் சொல்லுங்க.

---

கானாடுகாத்தான் அக்கா:

தம்பி, நான் காலேஜ் படிக்கிறப்ப மெட்ராஸ்ல நாலு வருஷம் லேசர் படகு ஓட்டிருக்கேன், ஒத்த ஆளு ஓட்டுற சின்னப் படகு. வெளிக்கடல் போனதில்ல, ஆனா உங்க கை பத்தி எழுதுனதுக்குச் சொல்ல எனக்கு விஷயம் இருக்கு, எனக்கும் அதே நடந்துருக்கு.

கை உறைஞ்சு போறது தைரியம் இல்லாததால இல்ல. என்ன நடக்குதுன்னு மூளை கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கு, கைக்குக் கட்டளை வரல, அவ்வளவுதான். எங்களுக்குச் சொல்லிக்குடுத்தவர் கண்ணைக் கட்டி விட்டுட்டு, எந்தக் கயிறு எங்க இருக்கு, தொட்டு விடுன்னு சொல்லுவாரு, தினம் இருபது தடவை. கரையில, படகு நகராம. ஒரு மாசத்துல காத்துச் சத்தம் மாறுனாலே கை தானாத் திறக்கும். ஊர்ல இருக்கிற நாள்ல வளவுத் தூண்ல ஒரு கயித்தைச் சுத்திக் கட்டி அந்தத் தொண்டித் தம்பி சொன்ன மாதிரி பிடிச்சு, வீட்டுல யாரையாவது திடீர்னு "விடு"ன்னு கத்தச் சொல்லிப் பழகுங்க. ஆச்சியையே கத்தச் சொல்லுங்க, நெசமாத்தான் சொல்றேன், அவுங்களுக்கும் இதுல ஒரு பங்கு இருந்தா மனசு ஆறும்.

குளிரை யாரும் சொல்லல. தெக்கத்திக் காத்து வந்தா சூடு பத்து, பதினஞ்சு டிகிரி கூட சட்டுன்னு எறங்கும், நனைஞ்சிருந்தா அரை மணி நேரத்துல விரல் மரத்துப்போகும், மரத்த விரலால கொக்கி கூட மாட்ட முடியாது. உள்ள பருத்தி பனியன் போடாதீங்க, நனைஞ்சா அது காயாது, கம்பளி இல்ல அதுக்குன்னு விக்கிற துணி போடுங்க, அதையும் நனையிறதுக்கு முன்னாடியே. வாந்தி மாத்திரையும் அப்படித்தான், கொமட்டுனதுக்கு அப்புறம் போட்டா உள்ள நிக்காது. டாக்டர்கிட்ட கேட்டு, தூக்கம் வராத மாத்திரையா, முன்னாடியே ஒரு நாள் போட்டுப் பாத்துக்குங்க. ஆச்சிகிட்ட மாவுருண்டை பிடிச்சுத் தரச் சொல்லுங்க, ஒத்தக் கையில எடுத்து வாயில போட்டுக்கலாம், நெய்யும் பயத்தமாவும் பசி தாங்கும், ஆனா ஆஸ்திரேலியா கஸ்டம்ஸ்ல சாப்பாட்டுச் சாமான் இருக்குன்னு எழுதிக் குடுத்துருங்க.

அப்புறம் ஆச்சிக்கு ரூபா, தில்னா ரெண்டு பேரு கதையைச் சொல்லுங்க. நம்ம கடற்படை அதிகாரிங்க, ரூபா பாண்டிச்சேரிப் பொண்ணு. தாரிணிங்கிற பாய்மரப் படகுல ரெண்டே பேரா 2024 அக்டோபர் 2 கோவாவுல கிளம்பி உலகத்தைச் சுத்தி 2025 மே 29 திரும்பி வந்தாங்க. அபிலாஷ் டோமியும் நம்ம கடற்படைக்காரர்தான், தனி ஆளா உலகத்தைச் சுத்துற கோல்டன் குளோப் போட்டியில 2018 செப்டம்பர்ல தெக்கு இந்தியப் பெருங்கடல்ல புயல்ல பாய்மரம் ஒடிஞ்சு, முதுகு அடிபட்டு, மூணு நாள் கழிச்சு ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து எடுத்துச்சு. அவரே மறுபடி அதே போட்டிக்குப் போய் 2023 ஏப்ரல் 29 ரெண்டாவதா முடிச்சாரு. அந்த ரெண்டாவது பகுதியை ஆச்சிக்கு முதல்ல சொல்லுங்க.

---

தேவகோட்டை டூ மெல்போர்ன்:

அக்கா சொன்ன கயிறு பழக்கம் அருமை. விட்டுப்போன ஒண்ணு: காத்து கூடுற மாத்தம் மட்டும் மாத்தம் இல்ல. டாஸ்மன் தீவைத் திரும்பி ஸ்டார்ம் பே, அப்புறம் டெர்வென்ட் ஆறு, கடைசி 40 மைல். ராத்திரி அந்த ஆத்துல காத்தே நின்னுரும். மூணு நாள் அடி வாங்குன உடம்பு, ஊர் வெளக்கு கண்ணுக்குத் தெரியுது, படகு நகராது. அப்ப எல்லாரும் ஒரே பக்கம் அசையாம உக்காந்து, லேசான பாயை ஏத்தி, தண்ணி மேல ஒரு சுருக்கம் எங்க இருக்குன்னு டார்ச் அடிச்சுத் தேடி ஓட்டணும். அதுக்கும் ரெண்டு பேரையாவது முன்னாடியே தூங்க வச்சு எடுத்து வைங்க. நாங்க ஒரு தடவை அங்க மட்டும் நாலு மணி நேரம் நின்னோம், எங்களுக்குப் பின்னாடி இருந்த ரெண்டு படகு விடிஞ்சதும் வந்த காத்துல தாண்டிப் போயிருச்சு.

---

கோட்டையூர் பையன்:

கேப்டன் ஐயா, பாரோமீட்டர் இருக்கு! ரெண்டாங்கட்டுல பழைய கடிகாரத்துக்குப் பக்கத்துல, ஐயா ரங்கூன்ல இருந்து கொண்டாந்ததாம். கண்ணாடி மேல அழுக்கு, தொடச்சுப் பாத்தா அங்குலம்தான் போட்டிருக்கு. லேசாத் தட்டுனா முள்ளு அசையுது. மூணு நாளா எழுதுறேன். முதல் நாள் காலை 10 மணி 29.58, சாயங்காலம் 4 மணி 29.48, ராத்திரி 10 மணி 29.56. ரெண்டாம் நாளும் கிட்டத்தட்ட அதேதான். நீங்க சொன்னது அப்படியே கண்ணு முன்னாடி நடக்குது, நாலு வருஷம் படகு ஓட்டியும் இது எனக்குத் தெரியாது.

தூண்ல கயிறு கட்டியாச்சு. ஆத்தா அடுப்படியில இருந்து "விடு"ன்னு கத்துறாங்க, நான் எதிர்பாக்காத நேரமாப் பாத்து, நேத்து பதினோரு தடவை. பத்துல விட்டுட்டேன். 1998-ஐயும் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, அந்தக் கிரீன் கேப்ல ரேடியோவுல பதில் சொல்றது யாருன்னு கேட்டாங்க. ஸ்கிப்பர்னு சொன்னேன். அவருகிட்ட நான் பேசணும், நம்பர் குடுன்னாங்க. குடுத்துருக்கேன்.

தொண்டித் தம்பி, ஞாயித்துக்கெழம விடியக்காலை வர்றேன், அப்பச்சியும் வர்றேங்கிறாக. இன்னைக்கு காலை 10 மணிக்கு முள்ளு 29.50தான் காட்டுது, நேத்து இதே நேரம் 29.57. கேப்டன் ஐயா, ஞாயித்துக்கெழம போகலாமா?

---

பள்ளத்தூர் கேப்டன்:

மத்தியானம் 1 மணிக்கும் 4 மணிக்கும் பாத்து எழுதுங்க. பாம்பன்ல கூண்டு ஏத்திருக்காங்களான்னு நான் விசாரிக்கிறேன். அது வரைக்கும் தொண்டித் தம்பிகிட்ட வத்தையைக் கரையிலயே வச்சிருக்கச் சொல்லுங்க.